முன்பல்லில் வெள்ளைத் திட்டு: பல் டாக்டர் பதில்கள்

போன இதழில் பல்லில் தெரியும் வெள்ளைத் திட்டுகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பெங்களூரில் பாதிப் பேர் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறார்கள் போலிருக்கிறது. அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, முழுக்க வெள்ளைத் திட்டு மட்டும்தான். ஈறில் ரத்தம், ஞானப் பல் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 24 வயது. இரண்டு வருடம் கிளிப் போட்டிருந்தேன், போன மாதம்தான் கழற்றினார்கள். பல் வரிசை நன்றாக வந்துவிட்டது. ஆனால் கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. தை மாதம் கல்யாணம். ஒரு கிளினிக்கில் முன்பல் ஆறையும் இழைத்து வெனீர், அதாவது பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய ஓடு, போட்டுவிடலாம் என்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டுமா?
— வாசகி, அல்சூர்

வேண்டாம்மா. இது ஆடி மாதம், தைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அவசரமே இல்லை.

முதலில் அந்த வெள்ளை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது பல்லின் மேல் படிந்த கறை இல்லை, அதனால் சுரண்டினால் போகாது. கிளிப்பைச் சுற்றிப் பிரஷ் சரியாகப் போகாத இடத்தில் மாவு மாதிரி அழுக்கு தங்கும், அதில் இருக்கும் கிருமிகள் நீங்கள் சாப்பிட்ட சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். அந்த இடத்தின் பி.எச். (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் கூட) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில், அதாவது பல்லின் கெட்டியான வெளி உறையில், இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேற ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால் மேல் தோல் ஓரளவு அப்படியே நிற்கும், அதற்கு அடியில்தான் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். நல்ல எனாமல் கல் உப்பு மாதிரி, ஒளி ஓரளவு உள்ளே போய் வரும். அதே உப்பைத் தூளாக இடித்துப் பாருங்கள், வெள்ளை வெளேர் என்று ஆகிவிடுகிறதே, உப்பின் நிறமா மாறிவிட்டது? தூளுக்கு நடுவே காற்று புகுந்து ஒளியைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பல்லில் நடந்திருப்பதும் அதுதான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, உதட்டைத் தூக்கி, டிஷ்யூ பேப்பரால் பல்லை ஒற்றிவிட்டு, வாயை மூடாமல் ஒரு அரை நிமிடம் இருங்கள். திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். ஓட்டைக்குள் இருந்த எச்சில் காய்ந்து அங்கே காற்று நிரம்பியதால் வரும் மாற்றம் அது. நாக்கால் ஒரு தடவை ஈரமாக்கினால் கொஞ்சம் மங்கும். காய்ந்தால் மட்டும் தெரிகிற திட்டு மேலோட்டமானது, ஈரத்திலும் தெரிகிறது என்றால் கொஞ்சம் ஆழம். வாயைத் திறந்து தூங்குபவர்களுக்குக் காலையில் திட்டு பெரிதாகத் தெரிவதும் இதனால்தான், ராத்திரியோடு ராத்திரியாக எதுவும் வளர்ந்துவிடவில்லை.

சரி, என்ன செய்வது? கிளிப் கழற்றிய முதல் சில மாதங்களில் எச்சிலே நிறைய வேலை செய்யும். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன, அழுக்கு தங்காமல் இருந்தால் அவை திரும்பிப் போய் உட்காரும். ஃப்ளூரைடு பேஸ்டால் இரண்டு வேளை தேயுங்கள், தேய்த்ததும் துப்புங்கள், அப்புறம் கொப்பளிக்காதீர்கள். பாலில் இருக்கும் கேசீன் புரதத்திலிருந்து எடுத்த ஒரு கிரீம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது, ராத்திரி தேய்த்த பிறகு விரலால் தடவிக்கொள்ளலாம் (பால் புரத அலர்ஜி இருப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம்). முன்பல் திட்டு என்றால் பல்லின் மேல் பூசும் வீரியமான ஃப்ளூரைடு வார்னிஷை எடுத்த எடுப்பிலேயே நான் அடிப்பதில்லை. அது மேல் தோலை மட்டும் சட்டென்று இறுக்கிவிடும், உள்ளே வெள்ளை அப்படியே பூட்டிக்கொள்ளும். கடைவாய்ப்பல்லில் அது நல்லதுதான், யாரும் பார்க்கப் போவதில்லை. சிரிக்கும் இடத்தில் வேண்டாம்.

மூன்று மாதம் இப்படி இருந்துவிட்டு, ஐப்பசியில் பாருங்கள். மிச்சம் இருக்கும் திட்டுக்குத்தான் ரெசின் ஊடுருவல் சிகிச்சை, அதாவது பிளாஸ்டிக் மாதிரி இறுகும் ஒரு திரவத்தைத் திட்டுக்குள் இறக்குவது. ஊசி இல்லை, டிரில் இல்லை, பல்லை இழைப்பதும் இல்லை. எப்படி என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

வெனீருக்கு என்ன குறை? பல நாள் நிற்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் அதற்காகச் சுமார் அரை மில்லிமீட்டர் எனாமலை இழைக்க வேண்டியிருக்கும், ஈறு பக்கம் எனாமலே அந்த அளவுதான் இருக்கிறது. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே செத்துவிடும், அதனால் இழைத்தது திரும்ப வராது. 24 வயதில் இழைத்தால் ஆயுசுக்கும் ஒன்று உடைய, ஒன்று மாற்ற என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நானும் யோக்கியன் இல்லை. படித்து முடித்து வந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு முன்பல்லில் மிளகு சைஸ் வெள்ளைப் புள்ளி, அதைத் தோண்டிப் பல் நிற சிமெண்ட் வைத்து அடைத்தேன். அன்றைக்கு அவரும் நானும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். மூன்று வருடத்தில் ஓரம் மஞ்சள் கட்டியது, பழையதை எடுத்துப் புதிது வைத்தேன், குழி இன்னும் கொஞ்சம் பெரிதானது. இப்போதும் அவர் வந்து சிரித்தால் என் கண் முதலில் அந்தப் பல்லுக்குத்தான் போகிறது.

என் மகளுக்கு ரெசின் சிகிச்சை என்று சொல்லியிருக்கிறார்கள். விசாரித்ததில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வைப்பார்களாம். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்தானே அது? பயமாக இருக்கிறது.
— வாசகர், மர்பி டவுன்

ஐயா, அதே ஆசிட்தான். பொய் சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் பாத்ரூம் பாட்டிலில் பொதுவாக இருப்பதைவிடக் கொஞ்சம் வீரியம் கூட, 15 சதவீதம். உங்கள் வயிற்றுக்குள் இருப்பதும் அதே ரகம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இது ஜெல்லாக வரும், ஓடாது, இரண்டு நிமிடம்தான் பல்லில் இருக்கும், ஈறைத் தொடாமல் இருக்க முதலில் ரப்பர் டேம் என்று ஒரு ரப்பர் விரிப்பை மாட்டி, பல் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி கட்டிவிடுவார்கள். ரப்பர் விரிப்போ வேறு எந்தத் தடுப்போ இல்லாமல் நேராக ஜெல்லை எடுத்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆசிட் எதற்கு? திட்டின் மேல் தோல் இறுகிக் கிடக்கிறது என்றேன் அல்லவா, அதைத் திறந்தால்தான் உள்ளே ரெசின் இறங்கும். ஒரு தடவை வைத்தால் கரைவது ஒரு தலைமுடியின் பருமனுக்கும் குறைவு. கழுவி, காயவைத்து, அடுத்ததாக எத்தனால் சொட்டு விட்டு அரை நிமிடம். எனக்குப் பிடித்த கட்டம் இது. எத்தனால் பட்டதும் திட்டு மறைந்தால் ரெசினும் மறைக்கும் என்று அர்த்தம், அசையாமல் வெள்ளையாகவே நின்றால் இன்னொரு தரம் ஜெல் வைக்க வேண்டும். கையில் கண்ணாடி கொடுத்து அந்த இடத்தைப் பார்க்கச் சொல்வேன், பணம் கட்டுமுன் முன்னோட்டம் பார்த்த மாதிரி.

அப்புறம் ரெசின். தண்ணீர் மாதிரி நீர்த்த திரவம், மூன்று நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, பல் இடுக்கில் நூல் விட்டு எடுத்து, நீல விளக்கால் 40 விநாடி இறுக்குவார்கள். மறுபடி ஒரு நிமிடம், மறுபடி விளக்கு, பாலிஷ். முடிந்தது. டீக்கடையில் பேப்பரில் வடை மடித்துத் தருவார்களே, எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகி அடியில் இருக்கிற எழுத்து தெரியும். அதே கணக்குதான் இது. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளையும் என்று காட்டும் ஒளிவிலகல் எண் எனாமலுக்குச் சுமார் 1.62, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. ரெசினுக்கு ஏறக்குறைய 1.5. ஓட்டைக்குள் காற்றோ தண்ணீரோ இருந்த இடத்தில் எனாமலுக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று போய் உட்கார்ந்துவிட்டால் ஒளி சிதறுவது குறைந்துவிடும், வெள்ளை மறைந்துவிடும். பெயிண்ட் அடிப்பது இல்லை.

பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையிலும் கீல் பல்கலைக்கழகத்திலும் வேலை செய்த பல் மருத்துவர்கள் உருவாக்கியது. ஹாம்பர்க்கின் டி.எம்.ஜி. கம்பெனி 2009இல் ஐகான் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. இரண்டு பல்லுக்கு நடுவே ஆரம்பிக்கும் சொத்தையைத் தோண்டாமல் நிறுத்துவதுதான் அவர்கள் தேடியது, வெள்ளை மறைந்தது போனஸ். இப்போது போனஸுக்குத்தான் ஜனம் வருகிறது.

நாங்கள் தர்மபுரிப் பக்கம். இப்போது கே.ஆர். புரத்தில் பிளாட். எட்டு வயது மகனுக்குப் புதிதாக முளைத்த முன்பல் எல்லாம் குறுக்குவாட்டில் வெள்ளைக் கோடு கோடாக இருக்கிறது. என் கணவருக்கும் அப்படித்தான், அவருக்குப் பழுப்பாகவே இருக்கும். பரம்பரையா? மூன்று வயது வரை ஊரில் மாமியார் வீட்டில்தான் வளர்ந்தான்.
— வாசகி, கே.ஆர். புரம்

பல்லைப் பார்க்காமலே முக்கால்வாசி சொல்லிவிடலாம் போலிருக்கிறது. பரம்பரையாக வந்தது ரத்தமாக இருக்காது, கிணறாக இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் கோலார், சிக்கபள்ளாப்பூர், எல்லாம் பாறையிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து நிலத்தடி நீரில் ஏறும் பூமி. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இந்த ஃப்ளூரைடுக்காகத்தான்.

பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் ஃப்ளூரைடு அதிகம் உள்ளே போனால் எனாமல் சரியாக இறுகாமல் போகும். மேல் முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதத்தில் ஆரம்பித்து நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அதாவது பையன் பாட்டி வீட்டில் குடித்த தண்ணீர் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அநேகமாக ஃப்ளூரோசிஸ்தான். மாமியாரிடம் இதைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், பாவம், அவர் வைத்திருந்தது ஊர்த் தண்ணீர்.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு 1901இல் பிராக்டிஸ் செய்யப் போன ஃப்ரெட்ரிக் மெக்கே என்ற பல் டாக்டர், ஊர்க்காரர்கள் பல்லெல்லாம் பழுப்புக் கறையாக இருப்பதைப் பார்த்து அதன் காரணத்தைத் தேடிக்கொண்டே முப்பது வருடம் அலைந்தார். 1931இல்தான் தண்ணீரில் இருந்த ஃப்ளூரைடு என்று பிடிபட்டது. அதே ஆட்களுக்குச் சொத்தை குறைவு என்பதும் அவர் கண்ணில் பட்டது, இன்று நம் பேஸ்டில் ஃப்ளூரைடு இருப்பதற்கு ஆரம்பப் புள்ளி அந்தக் கறைப் பல்தான்.

இப்போது உங்கள் பிளாட்டில் எந்தத் தண்ணீர்? காவேரி கனெக்‌ஷனா, போரா, டேங்கரா? போரும் டேங்கரும் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்து ஃப்ளூரைடு பரிசோதனைக்குக் கொடுங்கள். கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாகி ஃப்ளூரைடு இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. குறைக்கும். குழந்தைக்கு டீ கொடுக்காதீர்கள், தேயிலையிலும் ஃப்ளூரைடு உண்டு. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எட்டு வயதுப் பையனின் முன்பல்லுக்கு இனிமேல் தண்ணீரால் புதுக் கோடு வராது.

சிகிச்சைக்கு அவசரம் இல்லை. பையனே பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று வந்து சொன்னால் பார்க்கலாம், ரெசின் வெள்ளைக் கோட்டுக்கு நன்றாகக் கேட்கும். உங்கள் கணவருடைய பழுப்புக்கு முதலில் மைக்ரோ அப்ரேஷன், அதாவது ஆசிட் கலந்த சாணைப் பசையால் மேலாக ஒரு தேய்ப்பு. தேவைப்பட்டால் ப்ளீச். இவற்றுக்கு அப்புறமும் வெள்ளை மிச்சம் இருந்தால் ரெசின்.

எலுமிச்சம்பழமும் பேக்கிங் சோடாவும் கலந்து தேய்த்தால் வெள்ளைத் திட்டு போகும் என்று வீடியோவில் பார்த்தேன். வாரம் ஒரு தடவை செய்யலாமா?
— வாசகர், ஸ்ரீராமபுரம்

போகாது. எலுமிச்சையின் பி.எச். 2, 3 இருக்கும், எனாமல் கரைவதற்கு 5.5 போதும் என்று மேலே எழுதியிருக்கிறேன், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சையை ரசத்தில் பிழியுங்கள்.

கால்சியம் குறைவால்தான் பல்லில் வெள்ளை விழுகிறது என்று மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார் என் அம்மா.
— கல்லூரி மாணவி, விவேக் நகர்

முளைத்த பல்லின் எனாமலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேர வழியே இல்லை. எலும்புக்கு வேண்டும் என்று டாக்டர் சொன்னால் சாப்பிடுங்கள்.

ஆன்லைனில் ஒயிட்டனிங் கிட் வாங்கி ஒரு வாரம் போட்டேன். பல் வெளுத்தது, அதைவிட அதிகமாகத் திட்டு வெளுத்துவிட்டது. மீட்டிங்கில் கேமராவை ஆன் செய்யவே கூச்சமாக இருக்கிறது.
— ஐ.டி. ஊழியர், பெல்லந்தூர்

பதற வேண்டாம். ப்ளீச் போடும் நாட்களில் பல் காய்ந்துபோகும், திட்டு தூக்கலாகத் தெரியும், நிறுத்திய ஓரிரு வாரத்தில் கொஞ்சம் தணியும். உண்மையில் டாக்டர் கண்காணிப்பில் செய்தால் ப்ளீச்சே ஒரு வைத்தியம்தான், சுற்றியுள்ள பல் வெளுத்துத் திட்டின் நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் வித்தியாசம் மறைந்துவிடும், லேசான திட்டுக்காரர்கள் அதோடு வீட்டுக்குப் போகலாம். அப்படியும் தெரிந்தால் ரெசின், ஆனால் ப்ளீச் நிறுத்தி இரண்டு வாரமாவது கழித்து. பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் ரெசினைச் சரியாக இறுக விடாது. வரிசை முக்கியம், முதலில் ப்ளீச், பிறகு ரெசின். ரெசின் போட்ட பல்லை அப்புறம் வெளுக்க வைப்பது சிரமம்.

பத்து வயது மகளுக்கு ஒரு முன்பல்லில் மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டு. கடைவாய்ப்பல்லும் உதிர்கிற மாதிரி இருக்கிறது, ஐஸ் வாட்டர் பட்டால் கத்துகிறாள். இனிப்பே சாப்பிட மாட்டாள்.
— வாசகி, ஹொசா ரோடு

முன்பல்லை விடுங்கள், கடைவாய்ப்பல்லுக்காக இந்த வாரமே போங்கள். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லும் முன்பல்லும் சேர்ந்து பாதிக்கப்படும் ஒரு குறை இருக்கிறது, எம்.ஐ.எச். என்பார்கள். அந்தப் பற்கள் உருவாகும்போதே, அதாவது பிறந்ததிலிருந்து முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள், எனாமல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி மென்மையாக வந்துவிடும். சின்ன வயதில் அடிக்கடி வந்த காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு பேசப்படுகிறது, நீங்கள் பிரஷ் பண்ணிவிடாததால் வந்தது இல்லை. ஃப்ளூரோசிஸ் மாதிரி ஜோடியாக இருக்காது, ஒரு பல்லில் இருக்கும், பக்கத்துப் பல் சுத்தமாக இருக்கும், திட்டின் ஓரம் வரைபடத்தில் எல்லை போட்ட மாதிரி தெளிவாகத் தெரியும். கடைவாய்ப்பல்லுக்கு வார்னிஷ், அடைப்பு, ரொம்ப உதிர்ந்தால் ஸ்டீல் கேப். மஞ்சள் திட்டுக்கு ரெசின் மட்டும் போட்டு மாயம் எதிர்பார்க்காதீர்கள், அது ஆழமானது, பாதி மங்கினாலே வெற்றி. யாராவது நூற்றுக்கு நூறு போகும் என்று சொன்னால் அவரிடம் போகாதீர்கள்.

என் பேரனுக்கு ஒன்றேமுக்கால் வயது. மேல் முன்பல்லில் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்கிறாள் மருமகள்.
— வாசகி, காக்ஸ் டவுன்

உதட்டைத் தூக்கிப் பார்த்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு அம்மா. ராத்திரி பால் பாட்டிலோடு தூங்குகிறானா? அப்படியென்றால் அந்தக் கோடு சொத்தையின் முதல் படி. சில மாதத்தில் பழுப்பாகும், அப்புறம் உடையும். வெள்ளையாக இருக்கும்போதே பிடித்தால் நிறுத்தலாம். தூங்கும்போது பாட்டில் கூடாது, வேண்டுமானால் வெறும் தண்ணீர். அரிசி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட் வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள். டாக்டரிடம் போனால் 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷ் தடவுவார், ஒரு நிமிட வேலை, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தரம். முதல் கேள்வியில் முன்பல்லுக்கு வார்னிஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே வேண்டும் என்கிறாரே என்று நினைக்காதீர்கள், இங்கே அழகு பிரச்சினையே இல்லை, பல்லைக் காப்பாற்ற வேண்டும்.

ரெசினுக்கு எவ்வளவு ஆகும்? எத்தனை வருடம் நிற்கும்? காபி குடிக்கலாமா?
— வாசகர், ஆஸ்டின் டவுன்

வெளிநாட்டுக் கிட், ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், அதனால் சல்லிசு இல்லை. இடத்துக்கு இடம் ரேட் மாறும், பல்லுக்கு இவ்வளவா, கிட்டுக்கு இவ்வளவா என்று முதலிலேயே கேளுங்கள், ஒரு கிட்டில் பக்கத்துப் பக்கத்துப் பல் சிலவற்றை முடிக்கலாம். திட்டு எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால் விக்டோரியா ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். சில வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் நிறம் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. மங்கினால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பழையபடி அழுக்கு சேரவிட்டால் பக்கத்திலேயே புதுத் திட்டு வரும், அதற்கு ரெசின் பொறுப்பாகாது.

காபி? போட்ட அன்றும் மறுநாளும் வேண்டாம், மஞ்சள் போட்ட சாம்பாரும் வேண்டாம், தயிர் சாதத்தோடு சமாளியுங்கள். மூன்றாம் நாள் காலையில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொள்ளலாம்.